கோவ்: டைட்டானிக் இரண்டு மணி நேரம் நின்ற ஊரில் இரண்டு நாள்

நீங்கள் கேட்டது இதுதான்: டப்ளினில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க மே கடைசியில் வருகிறீர்கள். அயர்லாந்தின் தெற்கில் உள்ள கார்க் நகரத்தின் பக்கத்தில் டைட்டானிக் கடைசியாக நின்ற ஊர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு நாள் போதுமா, டைட்டானிக் தவிர அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா, முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

கார்க்கில் சில வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப் போகும் இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு நாளில் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு ராத்திரி தங்குங்கள். அம்மாவைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். டைட்டானிக்கைப் பொறுத்தவரை, அது அந்த ஊரில் நின்றது வெறும் இரண்டு மணி நேரம். அந்த ஊருக்குச் சொல்ல அதைவிடப் பெரிய கதை இருக்கிறது.

முதலில் பெயர். ஊரின் பெயரைக் 'கோவ்' என்று சொல்ல வேண்டும். பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து நம்மவர்கள் 'கோப்' என்பார்கள். ஐரிஷ் மொழியில் பி, எச் இரண்டும் சேர்ந்து வந்தால் 'வ' ஒலி. சிறு குடா என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையே ஐரிஷ் எழுத்துமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1849-இல் விக்டோரியா ராணி இங்கே வந்து இறங்கியதும் 'குயின்ஸ்டவுன்' என்று பெயரை மாற்றினார்கள். எழுபது வருடம் அதுவே பெயர். சுதந்திரப் போராட்டக் காலத்தில் பழைய பெயர் புது எழுத்தில் திரும்பி வந்தது. டைட்டானிக் பற்றிய பழைய தகவல்களில் குயின்ஸ்டவுன் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே ஊர்தான்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கார்க்குக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கார்க் கென்ட் நிலையத்தில் இறங்கி, அங்கேயே கோவ் செல்லும் சிறு ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். அரை மணிக்கொரு ரயில் என்ற அளவில் ஓடுகிறது, பயணம் இருபத்தைந்து நிமிடம். கோவ் இருப்பது ஒரு தீவில். ரயில் பாலத்தைத் தாண்டித்தான் தீவுக்குள் போகும். போகும்போது வலது பக்கச் சன்னலில் உட்காருங்கள். ஊர் வரும்வரை பெரும்பாலும் தண்ணீர் அந்தப் பக்கம்தான். வழியில் ஃபோட்டா என்ற நிறுத்தம் வரும். அங்கே கூண்டில்லாமல் விலங்குகள் உலவும் பெரிய பூங்கா இருக்கிறது. குழந்தைகள் உடன் வந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், இதோடு சேர்க்க வேண்டாம்.

ரயில் நின்றதும் நீங்கள் இறங்குவதே கதை நடந்த இடத்தில்தான். 1848-க்கும் 1950-க்கும் இடையில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அயர்லாந்தை விட்டு வெளியேறினார்கள். அதில் சுமார் 25 லட்சம் பேர் கப்பல் ஏறியது இந்த ஒரே ஊரிலிருந்து. 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. ஏழைகளின் முழுச் சாப்பாடே அந்தக் கிழங்குதான் என்பதால் பஞ்சம் வந்து பத்து லட்சம் பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களில் முடிந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. மூத்தவள் போவாள், வீட்டு வேலை செய்து காசு சேர்த்துத் தங்கைக்கு டிக்கெட் அனுப்புவாள், தங்கை போய்த் தம்பிக்கு அனுப்புவாள். கல்யாணமாகாத இளம்பெண்கள் இவ்வளவு பேர் தனியாகக் கடல் கடந்து போனது அன்றைய ஐரோப்பாவில் அபூர்வம். கிளம்பும் முந்தின இரவு வீட்டில் ஊரே கூடும், பாட்டு, ஆட்டம், சாப்பாடு எல்லாம் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அமெரிக்கன் வேக்'. வேக் என்றால் இறந்தவரின் உடலைச் சுற்றி விடிய விடிய விழித்திருப்பது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அதைச் செய்தார்கள், ஏனென்றால் இனி முகம் பார்க்கப் போவதில்லை என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

அப்படிப் போனவர்கள் வந்து இறங்கிய ரயில் நிலையக் கட்டடத்திலேயே இப்போது கோவ் ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது. உங்களிடம் ஒரே ஒரு காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குள் போங்கள் என்பேன். பஞ்சம், குற்றவாளிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போன கப்பல்கள், குடிபெயர்வு, டைட்டானிக், 1915-இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த லூசிடானியா கப்பல் என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துச் சொல்கிறது. உள்ளே எல்லாம் சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இராது.

அங்கே ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைத் தேடிப் பாருங்கள். கார்க் பக்கம் கிளன்மயரைச் சேர்ந்த ஜெரமையா பர்க் என்ற 19 வயதுப் பையன் டைட்டானிக்கில் ஏறினான். அம்மா அவனுக்குத் தீர்த்தம் நிரப்பிய ஒரு புட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். கப்பல் மூழ்கி ஒரு வருடம் கழித்து, அவன் வீட்டுக்குச் சில மைல் தூரத்திலேயே அந்தப் புட்டி கரை ஒதுங்கியது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: டைட்டானிக்கிலிருந்து, எல்லோருக்கும் விடை, கிளன்மயர் பர்க் என்கிற அளவுக்குத்தான் எழுத்து. கையெழுத்தை அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். நூறு வருடம் குடும்பத்தில் வைத்திருந்து பிறகு இங்கே கொடுத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். நான் ஒவ்வொரு தடவையும் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறேன்.

வெளியே வந்தால் கடலை ஒட்டி ஆனி மூரின் சிலை, கூடவே அவளுடைய இரண்டு தம்பிகள். 1891 டிசம்பர் 20 அன்று 'நெவாடா' என்ற கப்பலில் மூவரும் இங்கிருந்து கிளம்பினார்கள். அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே நியூயார்க்கில். 17 வயதுப் பெண் இரண்டு சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸைக் கடலிலேயே கழித்து, 1892 ஜனவரி 1 அன்று கரை இறங்கினாள். அன்றுதான் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவில் புதுக் குடியேற்ற நிலையம் திறந்த நாள். முதல் ஆளாக உள்ளே போனவள் அவள்தான். பத்து டாலர் தங்கக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் என்ன ஆனாள்? மேற்கே டெக்சாஸுக்குப் போய் நன்றாக வாழ்ந்தாள் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006-இல்தான் அது வேறொரு ஆனி மூர் என்று தெரிந்தது. நம் ஆனி நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை விட்டு வெளியேறவே இல்லை. பதினொரு பிள்ளைகள் பெற்றாள், பலவற்றைச் சின்னதிலேயே பறிகொடுத்தாள், 1924-இல் ஐம்பது வயதில் இறந்தாள். கல்கூட இல்லாத கல்லறையில் கிடந்தாள். சிலையோடு படம் எடுத்துக்கொள்ளும் பலருக்கு இது தெரிவதில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், அதன் பிறகு அந்தப் பெண்ணின் முகம் வேறு மாதிரி தெரியும்.

சரி, டைட்டானிக். 1912 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. கப்பல் மிகப் பெரிது என்பதால் கரைக்கு வரவில்லை, துறைமுக வாயிலில் ரோச்சஸ் முனைக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டது. காலை பதினொன்றரை வாக்கில் வந்தது, மதியம் ஒன்றரைக்குப் போய்விட்டது. ஊரிலிருந்து ஏறியவர்கள் 123 பேர். அவர்களில் முதல் வகுப்பு மூன்று பேர், இரண்டாம் வகுப்பு ஏழு பேர், மீதி 113 பேரும் மூன்றாம் வகுப்பு. அவர்களைக் கப்பலுக்குக் கொண்டு போன இரண்டு சிறு படகுகளின் பெயர் 'அயர்லாந்து', 'அமெரிக்கா'. 123 பேரில் பிழைத்தவர்கள் 44 பேர்தான்.

அவர்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போன, டைட்டானிக்கின் கம்பெனியான ஒயிட் ஸ்டார் லைனின் அலுவலகம் இன்றும் கடற்கரைத் தெருவில் இருக்கிறது. அதில்தான் 'டைட்டானிக் எக்ஸ்பீரியன்ஸ்' நடக்கிறது. உள்ளே போகும்போது உண்மையான ஒரு பயணியின் பெயர் போட்ட சீட்டைக் கையில் கொடுப்பார்கள், கடைசியில் அந்த ஆள் பிழைத்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். காட்சிகளை நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்றாலும் ஹெரிடேஜ் சென்டர் பார்த்தவர்களுக்குப் பாதி தெரிந்த கதை. ஆனால் அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் நின்று கீழே பாருங்கள். மரத் துறை ஒன்றின் மிச்சம் தண்ணீரில் நிற்கிறது. பலகையெல்லாம் போய்விட்டது. கறுத்த கட்டைகள் மட்டும், நீர் வற்றும்போது பாசி படிந்த இடுப்புவரை தெரிகிற மாதிரி. ஊரார் அதை 'மனமுடைந்த துறை' என்கிறார்கள். அந்த 123 பேரின் கால் கடைசியாகப் பட்ட அயர்லாந்து அதுதான். வேலியோ விளக்கோ போட்டு அலங்கரிக்காமல் அப்படியே விட்டிருப்பதற்கு இந்த ஊர்க்காரர்களை மதிக்கிறேன்.

இன்னொரு சங்கதி. அந்த இரண்டு மணி நேரத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர்களும் உண்டு. பிரான்சிஸ் பிரவுன் என்ற இயேசு சபை மாணவர் அவர்களில் ஒருவர். கப்பலில் அவர் எடுத்த படங்கள்தான் அந்தப் பயணத்தைப் பற்றி இன்று நமக்கு இருக்கிற மிகப் பெரிய சாட்சி. கப்பலில் பழக்கமான ஒரு பணக்காரத் தம்பதி நியூயார்க்வரை செலவை ஏற்கிறோம் என்றார்கள். மேலதிகாரியிடம் தந்தியில் அனுமதி கேட்டார், இறங்கு என்று பதில் வந்தது. அவருக்குக் கேமராவும் அந்தக் கப்பல் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்த சித்தப்பா யார் தெரியுமா? ஊர் உச்சியில் நிற்கிற அந்தப் பேராலயத்தின் ஆயர், ராபர்ட் பிரவுன்.

அந்தப் பேராலயத்தைப் பார்க்காமல் இருக்கவே முடியாது, எங்கே நின்றாலும் தலைக்கு மேல் இருக்கும். புனித கோல்மன் பேராலயம். 1868-இல் தொடங்கி, 1915-இல் கூம்பு முடிந்து, முழு வேலையும் ஓய 1919 ஆனது. டைட்டானிக் பயணிகள் திரும்பிப் பார்த்தபோது கோபுரம் இன்னும் அரைகுறைதான். உயரம் 91 மீட்டர். கல்லுக்கும் கூலிக்கும் ஆன பணத்தில் ஒரு பங்கு, இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து அனுப்பியது. கோபுரத்துக்குள் 49 மணிகள், பெரிய மணி மூன்றரை டன்னுக்கு மேல். அவற்றைப் பியானோ போலக் கட்டை வைத்துக் கையாலும் காலாலும் வாசிப்பார்கள். கோடையில் ஞாயிறு பிற்பகல்களில் கச்சேரி உண்டு. உங்கள் இரண்டு நாளில் ஒன்று ஞாயிறாக அமைந்தால் விடாதீர்கள். உள்ளே உட்கார வேண்டாம், வெளியே மதில் ஓரம் நின்று கேளுங்கள். கண்ணுக்குக் கீழே துறைமுகம் முழுவதும் விரிந்திருக்கும், மணி ஓசை தண்ணீர்மேல் போய்த் தீவுகளில் பட்டுத் திரும்பும்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரே சோதனை இந்த ஏற்றம்தான். ஊரே கடலுக்கு மேல் படிப்படியாகக் கட்டியது. கீழ்த் தெரு சமதளம், மற்றதெல்லாம் செங்குத்து. நடக்க விடாதீர்கள். டாக்ஸியில் பேராலய வாசலிலேயே இறங்கி, எல்லாம் பார்த்துவிட்டு அதே போல் இறங்கி வாருங்கள். படங்களில் பார்த்திருப்பீர்களே, சரிவில் வரிசையாக நிற்கும் பல வண்ண வீடுகள், அவை பேராலயத்துக்குப் பக்கத்திலேயே வெஸ்ட் வியூ தெருவில். 23 வீடுகள். ஊரார் 'சீட்டுக்கட்டு' என்பார்கள், கீழ் வீடு சரிந்தால் மற்றதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எதிரே உள்ள சிறு பூங்காவிலிருந்து பார்த்தால் வீடுகளும் பின்னால் பேராலயமும் ஒரே படத்தில் வரும். மேல்தெரு மதில்மேல் ஏறி எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் ஏறாதீர்கள், அந்தப் பக்கம் நேர் பள்ளம். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் நாளுக்கு இரண்டு இடங்களை வைத்திருக்கிறேன். ஒன்று ஸ்பைக் தீவு. கென்னடி துறையிலிருந்து படகு, கால் மணி நேரப் பயணம். ஆறாம், ஏழாம் நூற்றாண்டில் துறவிகள் இருந்த தீவு அது. பிற்பாடு நெப்போலியனுக்குப் பயந்து ஆங்கிலேயர் நட்சத்திர வடிவக் கோட்டை கட்டினார்கள். பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847-இல் அதைச் சிறையாக்கினார்கள். பசியில் திருடியவர்களை அடைக்க இருந்த சிறைகள் போதவில்லை. 1850-களில் ஒரே நேரத்தில் 2,300-க்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1883-இல் மூடும்வரை செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல், தீவிலேயே புதைத்தார்கள். 1921 ஒப்பந்தத்தில் அயர்லாந்து விடுதலை பெற்றபோதும் இந்தத் துறைமுகக் கோட்டைகளை பிரிட்டன் விட்டுக்கொடுக்கவில்லை. 1938 ஜூலை 11 அன்றுதான் ஸ்பைக் தீவில் கொடி இறங்கியது. அது நடந்திருக்காவிட்டால் இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகிப்பது மிகவும் கடினமாகியிருக்கும். பிறகு 1985-இலிருந்து 2004 வரை மறுபடியும் சிறை. இப்போது சுற்றுலா. வழிகாட்டியோடு போவது, தனியே சுற்றுவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடை அதிகம். அம்மாவுக்கு இது முடியுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடியாது என்று தோன்றினால் ஒருவர் அம்மாவோடு கடற்கரைப் பூங்காவில் இருங்கள். அங்கே உட்கார்ந்து கப்பல் பார்ப்பதே பாதி நாள் சந்தோஷம். காற்று பலமாக அடித்தால் படகு நின்றுபோகலாம், அதனால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தாலும் காலையில் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடத்துக்குத்தான் யாரும் போவதில்லை. ஊருக்கு வெளியே, இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டம்.

1915 மே 7. நியூயார்க்கிலிருந்து லிவர்பூல் போய்க்கொண்டிருந்த லூசிடானியாவை, இங்கிருந்து தென்மேற்கே கின்சேல் முனைக்கு அப்பால், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. இறந்தவர்கள் கிட்டத்தட்ட 1,200 பேர். உயிரோடு இருந்தவர்களையும் பிணங்களையும் படகுகள் இந்த ஊருக்குத்தான் கொண்டு வந்து சேர்த்தன. நகர மன்றக் கட்டடம், கப்பல் கம்பெனியின் கிடங்கு எல்லாம் பிணவறையாயின. ஊர்க்காரர்கள் வீட்டுக் கதவைத் திறந்து, நனைந்து வந்தவர்களுக்கு உடுப்பும் படுக்கையும் கொடுத்தார்கள். மே 10 அன்று ஊரே கடையடைத்துச் சவ ஊர்வலத்தில் மேடேறி நடந்தது. 150-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், பெரும்பாலோர் மூன்று பெரிய குழிகளில். பலருக்குப் பெயர் தெரியாது.

முதல் தடவை போனபோது பெரிய நினைவுச் சின்னத்தை எதிர்பார்த்துத் தேடிக்கொண்டு குழிகளைத் தாண்டிப் போய்விட்டேன். அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. வெட்டிய புல், ஒரு கல், காக்கைச் சத்தம். கீழே ஊருக்குள் கேஸ்மென்ட் சதுக்கத்தில் லூசிடானியாவுக்குப் பெரிய வெண்கலச் சின்னம் இருக்கிறது, தேவதையும் இரண்டு மாலுமிகளும், அழகான வேலை. ஜெரோம் கானர் என்ற சிற்பி தொடங்கி, முடிக்கும் முன்பே 1943-இல் இறந்துபோனார், மற்றவர்கள் முடித்தார்கள். அதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் மேலே புல் முளைத்த அந்த இடத்தில் நிற்கும்போது வருகிற கனம் அதில் வரவில்லை. அதே தோட்டத்தில், செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் சிறைப்பட்டிருந்தபோது அங்கே நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் வெர்லிங் என்ற மருத்துவரும் இருக்கிறார், இந்த ஊரில் பிறந்தவர்தான்.

நாம் இந்தக் கடலைப் பார்க்கும்போது நினைக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1985 ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்தின் தென்மேற்குக் கடலுக்கு மேல் குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேர். மீட்ட 131 உடல்களைக் கார்க் நகருக்குக் கொண்டு வந்தார்கள். தேடலில் முன்நின்ற 'ஆஷ்லிங்' என்ற ஐரிஷ் கடற்படைக் கப்பலின் தளம், கோவ் கடற்கரையில் நின்றால் எதிரே தெரிகிற ஹால்போலின் தீவாக இருந்தது. நினைவிடம் இங்கே இல்லை, மேற்கே வெகுதூரம் தள்ளி அஹகிஸ்டா என்ற சிற்றூரில் கடலைப் பார்த்து இருக்கிறது. கார் இருந்தால் அதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஒவ்வொரு ஜூன் 23-க்கும் அந்த ஊர் மக்கள் இன்றுவரை குடும்பத்தாரோடு சேர்ந்து நிற்கிறார்கள்.

மற்றது சில்லறை விஷயங்கள். மே மாதம் பெரிய உல்லாசக் கப்பல்கள் வரும் காலம். ஒரு கப்பல் வந்தால் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் இறங்கி, எல்லா வரிசையும் நீண்டுவிடும். கார்க் துறைமுகத்தின் இணையதளத்தில் வரும் தேதிகள் இருக்கும், பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி தங்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். மாலையில் அந்தக் கூட்டமெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிடும். மே கடைசியில் ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், கடற்கரை உங்களுக்கே. குடை கொண்டு வராதீர்கள், இந்தக் காற்றில் ஐந்து நிமிடம் தாங்காது. தலையை மூடும் மழைக்கோட் எல்லோருக்கும் ஒன்று. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் பால் விட்டுச் செய்யும் கெட்டியான மீன் சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் கேளுங்கள். சில கடைகளில் அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா சைவம் என்றால் காய்கறி சூப் எல்லா இடத்திலும் உண்டு, கோழிச் சாறு சேர்த்ததா என்று மட்டும் விசாரியுங்கள்.

கின்சேலையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அதுவும் நல்ல ஊர், ஆனால் ரயில் கிடையாது, கார்க் திரும்பிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

முதல் நாள் காலை டப்ளினில் ஏழு மணி ரயில் பிடித்தால் பதினொன்றுக்குள் கோவ் வந்து சேர்ந்துவிடுவீர்கள். ஹெரிடேஜ் சென்டர், ஆனியின் சிலை, சாப்பாடு, மரத் துறை, பேராலயம். மறுநாள் காலை ஸ்பைக் தீவு, பிற்பகல் டாக்ஸியில் கல்லறைத் தோட்டம். டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லுங்கள், அங்கே திரும்ப வண்டி கிடைப்பது சிரமம். அப்படியே ரயில் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அம்மாவை இடது பக்கச் சன்னலில் உட்கார வையுங்கள், தண்ணீர் இப்போது அந்தப் பக்கம்.